ஊர்ப் பள்ளியை உயர்த்துவது ஊரார் அக்கறையே!

நடுவர் அவர்களே, வாதங்களை அடுக்கிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே!

'ஊர்ப் பள்ளிக்கூடம் உயர்வது பெரிதும் அரசின் திட்டத்தாலா, ஊராரின் அக்கறையாலா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தங்கச்சி ஒரு பட்டியல் வாசிச்சாங்க. 1982-ல் சத்துணவு, 2011-ல் மடிக்கணினி, 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, 2022-ல் புதுமைப்பெண் என்று மூச்சு விடாம வாசிச்சாங்க. அம்மா, அத்தனையும் உண்மை. ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. அரசாங்கத்துக்கு நன்றி சொல்ல ஒரு மேடை போடுங்க, நானே முதல் ஆளா வந்து பேசுறேன். ஆனா இன்னிக்கு மேடை அதுக்குப் போடலையே! (சிரிப்பு)

'ஊரார் வந்து வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பாங்களா?' என்று இன்னொரு நண்பர் கேட்டார். கொடுக்க முடியாது. கொடுக்கவும் வேண்டாம். அது அரசாங்கத்தின் கடமை. பிள்ளை பிறக்கிறது ஆஸ்பத்திரியிலே. டாக்டர் வேணும், நர்ஸ் வேணும், மறுக்கலை. அதுக்காக, 'இந்தப் பிள்ளையை ஆளாக்கினது ஆஸ்பத்திரிதான்'னு எந்தத் தாயாவது சொல்லுவாளா? பள்ளிக்கூடத்தைப் பெற்றுக் கொடுப்பது அரசு. வளர்ப்பது ஊர். எங்கள் கட்சி அவ்வளவுதான்! (கைதட்டல்)

கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம் ஐயா. 1954-ல் காமராசர் முதலமைச்சரானார். அவர் காலத்தில் கல்வித்துறையின் இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. 1956-ல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் பகல் உணவுத் திட்டத்தைக் காமராசர் தொடங்கி வைத்தார். அந்தத் திட்டம் முதலில் எதை நம்பி நடந்தது தெரியுமா? ஊரார் கொடுத்த நெல்லை, காய்கறியை, விறகை நம்பி நடந்தது. அரசாங்கத்தின் பணம் பின்னால் வந்து சேர்ந்தது.

அடுத்து வந்ததுதான் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. ஊர் ஊராக மாநாடு. கட்சி மாநாடு இல்லை, பள்ளிக்கூடத்துக்கு மாநாடு! 'எங்கள் பள்ளிக்குக் கரும்பலகை இல்லை, பெஞ்சு இல்லை, கடிகாரம் இல்லை, தண்ணீர்ப் பானை இல்லை' என்று தேவையை எழுதி வைப்பார்கள். ஊரார் ஒவ்வொருத்தரா வந்து, 'இது என் பொறுப்பு, அது என் பொறுப்பு' என்று ஏற்றுக்கொள்வார்கள். அந்த யோசனையைக் கொண்டுவந்தவர்கள் அரசில் இருந்தவர்கள்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். ஊரார் கை வைத்தால்தான் பள்ளி நிமிரும் என்று அந்த அரசுக்கே தெரிந்திருந்தது. என் பக்கத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி எங்கே தேடுவேன்?

எங்க ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் படிச்சபோது மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டு. வேப்பமரத்தில் கட்டித் தொங்கும். பத்தாம் வகுப்பில் ஒரு மர பீரோ. அதன் கதவில் 'உபயம்' என்று போட்டு எங்க தாத்தா பெயர். நம்ம ஊர் உபயத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுப்பான், பெயரை எழுதியே வெளிச்சத்தை மறைச்சிடுவான். (சிரிப்பு) எங்க தாத்தா கைநாட்டு. தன் பெயரைத் தானே வாசிக்கத் தெரியாதவர். அவர் வாங்கிக் கொடுத்த பீரோவுக்குள்ளே இருந்தது அத்தனையும் புத்தகம். தனக்கு எட்டாததைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார் பாருங்க, அதுக்குப் பெயர் என்ன? திட்டமா, அக்கறையா?

'அதெல்லாம் பழைய காலம்' என்பீர்கள். 2024-க்கு வாங்க. மதுரை ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் கொடிக்குளம். அங்கே இருந்தது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. எட்டாவதோடு சரி. அதை உயர்நிலைப் பள்ளி ஆக்க இடம் வேணும். ஆயி என்கிற பூரணம் அம்மாள், வங்கியிலே வேலை பார்க்கிறவர், தன்னுடைய 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்தார். கோடிக்கணக்கில் விலை போகிற நிலம். கேட்டது ஒன்றே ஒன்று. மறைந்துபோன தன் மகளின் பெயரைக் கட்டடத்துக்கு வைக்கணும். அவ்வளவுதான். அந்த ஆண்டு குடியரசு தினத்தில் முதலமைச்சர் அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தார். அரசாங்கமே எழுந்து நின்று ஊரைக் கும்பிட்ட நாள் அது! (கைதட்டல்)

இப்போ மறுபக்கத்தையும் சொல்லணும். நான் பேசப்போன ஒரு பள்ளியில், காலையில் இறைவணக்கத்துக்கு முன்னால் பிள்ளைகள் வராந்தாவில் பாட்டில் பொறுக்குகிறார்கள். தண்ணி பாட்டில் இல்லீங்க! சுற்றுச்சுவர் கட்டிக் கொடுத்தது அரசு. ராத்திரி அதை ஏறிக் குதிச்சவன் வெளிநாட்டுக்காரனா? உள்ளூர்க்காரன். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டியாச்சு, கதவை உடைச்சாச்சு. ஒன்பதாம் வகுப்புப் பெண் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். ஒருநாள் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடுவாள். இதை எந்த அரசாணை வந்து தடுக்கும்? அந்தத் தெருவில் இருக்கிற நாலு அம்மாக்கள் நினைச்சா தடுக்கலாம்.

சட்டமே இதைச் சொல்லிவிட்டது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். 2022-ல் தமிழ்நாட்டில் அந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். நாற்காலி போட்டாச்சு. உட்காரத்தான் ஆள் வேணும். கூட்டத்துக்குக் கூப்பிட்டா, 'கையெழுத்து எங்கே போடணும்'னு மட்டும் கேட்டுட்டுப் போயிடுறோம்.

திருவள்ளுவர் நாற்பதாவது அதிகாரம் கல்வி என்று வைத்தார். நாற்பத்தொன்று கல்லாமை. நாற்பத்திரண்டு என்ன? கேள்வி! அவர் சொன்னது அறிஞர்கள் சொல்லைக் காதால் கேட்கிற கேள்வி. தமிழ் வாத்தியார் நான், அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனா ஊர்ப் பள்ளிக்கு இன்னொரு கேள்வியும் வேணும் ஐயா, வாயால் கேட்கிற கேள்வி. 'கணக்கு வாத்தியார் இடம் ஏன் காலி? குழாயில் ஏன் தண்ணி வரலை? என் மக ஏன் வாசிக்கத் திணறுறா?' தனியார் பள்ளிக்குப் பணத்தைக் கட்டிட்டு வேன் பத்து நிமிஷம் தாமதமானா சண்டைக்குப் போறோம். நம்ம வரிப்பணத்தில் நடக்கிற பள்ளியை எட்டிப் பார்க்க நேரமில்லை. இலவசம்னு நினைச்சுட்டோம். இலவசம் இல்லை அம்மா, அது நம்ம சொத்து!

கேட்கிற ஊர் இருந்தால் எந்த அரசும் கொடுக்கும். கேட்காத ஊருக்குக் கொடுத்தாலும் தங்காது. ஆகவே நடுவர் அவர்களே, திட்டத்துக்கு ஒரு மாலை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தீர்ப்பை மட்டும் அந்த ஊராரின் அக்கறைக்கே கொடுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.