முற்றுகைக்குள் ஒரு தீவு

(தில்லி வாழ் தமிழ்த் தோழர்களின் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பேச்சாளன் அல்லன், மொழிபெயர்ப்பாளன். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 1962 அக்டோபரில் கியூபாவைச் சூழ்ந்து அமெரிக்கப் போர்க்கப்பல்கள் நிறுத்தப்பட்டபோது, அதிபர் கென்னடி அதனை முற்றுகை என்று சொல்லவில்லை, 'குவாரண்டைன்' என்றார். தொற்றுநோய் கண்டவரைத் தனிமைப்படுத்துவதற்கு உரிய சொல் அது. முற்றுகை என்று ஒப்புக்கொண்டால் சர்வதேசச் சட்டப்படி அது போர்ச்செயல் ஆகிவிடும். அதே ஆண்டு பிப்ரவரியில் விதிக்கப்பட்ட வணிகத் தடை இன்றும் நீடிக்கிறது. வாஷிங்டன் அதனை 'எம்பார்கோ' என்கிறது. ஹவானா 'புளோக்கேயோ', அதாவது முற்றுகை, என்கிறது.

நானும் நெடுங்காலம் 'பொருளாதாரத் தடை' என்றே தமிழாக்கி வந்தேன். 1992ஆம் ஆண்டின் டாரிசெல்லி சட்டத்தைப் படித்த பிறகே மாற்றிக்கொண்டேன். கியூபாவில் சரக்கு இறக்கிய எந்த நாட்டுக் கப்பலும் 180 நாள்களுக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கேற்றவோ இறக்கவோ கூடாது என்கிறது அச்சட்டம். தான் விற்க மறுப்பது தடை. பிறர் விற்பதையும் தண்டிப்பதற்குத் தடை என்ற சொல் போதாது.

புளோரிடாவிலிருந்து ஏறத்தாழ 145 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இத்தீவு, புரட்சிக்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக எவ்வாறு தாக்குப்பிடித்தது? சோவியத் ஒன்றியம் காத்தது என்பது எளிய விடை. பாதி உண்மைதான். மீதிப் பாதியைக் குறித்தே பேச விரும்புகிறேன்.

1961 ஏப்ரல் 15 அன்று கியூபாவின் விமான தளங்கள் மீது குண்டுகள் விழுந்தன. தாக்கிய விமானங்களில் கியூப விமானப்படையின் சின்னங்கள் தீட்டப்பட்டிருந்தன. அன்றைய தினமே ஐ.நா.வில் வெளியுறவு அமைச்சர் ரவுல் ரோவா அமெரிக்காவைக் குற்றஞ்சாட்டினார். அமெரிக்கத் தூதர் அட்லாய் ஸ்டீவன்சன் புகைப்படத்தைக் காட்டி, இவை கியூபாவிலிருந்து தப்பி வந்த விமானிகளின் செயல் என்று மறுத்தார். விரைவிலேயே அந்தப் பொய் உடைந்தது; தம் அரசே தம்மை ஏமாற்றியதை ஸ்டீவன்சனும் அறிந்தார். ஏப்ரல் 17 அன்று சுமார் 1,400 கூலிப்படையினர் பன்றிகள் விரிகுடாவில் இறங்கினர். எழுபத்திரண்டு மணி நேரத்திற்குள் தோற்றனர். அவர்களை எதிர்கொண்டோரில் பெரும்பகுதியினர் தொழிலாளர், விவசாயிகள், மாணவர்களைக் கொண்ட மக்கள் படையினர். சிறைப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கியூபா 1962 டிசம்பரில் விடுவித்தது. ஈடாகப் பெற்றது 5.3 கோடி டாலர் மதிப்புள்ள உணவும் மருந்தும். களத்தில் வென்றதைப் பேச்சுவார்த்தை மேசையில் குழந்தை உணவாகவும் மருந்தாகவும் மாற்றிக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

அடுத்த ஆண்டு வந்த ஏவுகணை நெருக்கடியை நாம் பெரும்பாலும் கென்னடி, குருச்சேவ் இருவரின் கதையாகவே வாசிக்கிறோம். ஹவானாவில் நின்று பார்த்தால் அது வேறு கதை. அக்டோபர் 28 அன்று ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக மாஸ்கோ அறிவித்தது. கியூபத் தலைமையிடம் முன்கூட்டிக் கலந்து பேசவில்லை. சோவியத் நட்பின் அருமையை நான் குறைத்துரைக்கவில்லை. அந்த எண்ணெயும் ஆயுதமும் இன்றிக் கியூபா நிலைத்திருக்காது. எனினும் பிழையைப் பிழையென்றே சொல்ல வேண்டும். தன் மண்ணில் உள்ளவற்றைப் பற்றி இரு வல்லரசுகள் தன்னைக் கேளாமல் முடிவெடுத்தபோது ஒரு சிறிய நாடு என்ன செய்ய இயலும்? பிடல் ஐந்து கோரிக்கைகளை முன்வைத்தார். குவாந்தனாமோ தளத்தைத் திருப்பித் தருவதும் அவற்றுள் ஒன்று. ஐந்தும் ஏற்கப்படவில்லை. ஆனால் தன் மண்ணில் எவரும் வந்து சோதனையிடக் கூடாது என்ற மறுப்பில் அவர் அசையவில்லை. ஐ.நா. பொதுச் செயலாளர் ஊ தாண்ட் நேரில் வந்து பேசியும் பயனில்லை. இறுதியில், திரும்பிச் செல்லும் கப்பல்களின் மேல்தளத்தில் ஏவுகணைகளின் உறைகளை விலக்கிக் காட்ட, அமெரிக்க விமானங்கள் நடுக்கடலில் படமெடுத்துக்கொண்டன.

இந்தப் பாடத்தை அவர்கள் மறக்கவில்லை. கியூபா தாக்கப்பட்டால் சோவியத் படைகள் வந்து போரிடா என்று 1980களின் தொடக்கத்தில் மாஸ்கோ தமக்குத் தெரிவித்ததை ரவுல் காஸ்ட்ரோ பிற்காலத்தில் வெளியிட்டார். 'மக்கள் அனைவரின் போர்' என்ற கோட்பாடு உருப்பெற்ற காலமும் அதுவே. 1980இல் பிரதேச மக்கள் படைகள் அமைக்கப்பட்டன. தீவை எவராலும் கைப்பற்ற இயலாது என்பதன்று கோட்பாட்டின் சாரம். கைப்பற்றியவன் ஒவ்வொரு தெருவிலும் விலை கொடுக்க நேரும் என்பதே.

ராஜதந்திரத்திலும் இதே கணக்குதான். 1964இல் அமெரிக்க நாடுகளின் அமைப்பு கியூபாவுடன் உறவை முறிக்குமாறு கட்டளையிட்டது. மெக்சிகோ மட்டுமே மறுத்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1972 டிசம்பரில், பார்படோஸ், ஜமைக்கா, கயானா, டிரினிடாட் டொபேகோ ஆகிய நான்கு நாடுகள் ஒரே நாளில் கியூபாவுடன் தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டன. அவை மக்கள்தொகையில் கியூபாவைவிடவும் சிறியவை. ஒன்று தனித்து நின்றால் தண்டிக்கப்படும்; ஆகவே நான்கும் சேர்ந்தே வந்தன.

'அணிசேராமை' என்ற சொல்லை 'நடுநிலை' என்று சிலர் பொருள் கொள்கின்றனர். தவறு. 1961இல் பெல்கிரேடில் கூடிய முதல் அணிசேரா மாநாட்டில் லத்தீன் அமெரிக்காவிலிருந்து முழு உறுப்பினராகப் பங்கேற்ற ஒரே நாடு கியூபா. அது எந்நாளும் நடுநிலை வகித்ததில்லை. 1983 மார்ச்சில் இதே தில்லியில், விஞ்ஞான் பவனில், அவ்வியக்கத்தின் தலைமையைப் பிடல் இந்திரா காந்தியிடம் ஒப்படைத்தார். 1963இல் அல்ஜீரியாவில் தொடங்கிய மருத்துவப் பணியும் இவ்வகையில் சேரும். தோழமைக் கடமையாகவே அவர்கள் அதனைச் செய்தனர். ஆயினும் தன் ஊருக்கு மருத்துவர் அனுப்பிய நாட்டை எதிர்த்துக் கை உயர்த்த எந்த அரசும் சற்றுத் தயங்கும்.

குவாந்தனாமோவைப் பற்றி ஒரு சொல். 1934 ஒப்பந்தப்படி இரு தரப்பும் இசைந்தாலன்றி அத்தளத்தின் குத்தகை முடியாது. ஆண்டு வாடகை 4,085 டாலர். 1959இல் வந்த காசோலை ஒன்றைத் தவிர வேறெதையும் கியூபா பணமாக்கவில்லை. படையெடுத்து மீட்க முயன்றதும் இல்லை. அத்தகைய முயற்சிக்காகவே எதிரி காத்திருந்தான் என்பதை அறிந்திருந்தார்கள்.

இவ்வளவும் சொன்ன பின், எல்லையையும் சொல்லியாக வேண்டும். மக்கள் படை கரையிறங்குவோரைத் தடுக்கும். எண்ணெய்க் கப்பலைக் கொண்டுவராது. 1992இல் ஐ.நா. பொதுச்சபையில் முற்றுகைக்கு எதிரான தீர்மானம் முதன்முதலில் வந்தபோது ஆதரவு 59, எதிர்ப்பு 3, வாக்களியாதோர் 71. அவ்வாண்டுதான் நம் நாட்டு இடதுசாரிகள் திரட்டிய 10,000 டன் கோதுமை கியூபாவுக்குச் சென்றது. மாணவனாக இருந்த நானும் உண்டியல் ஏந்தினேன், நாலணா போட்ட ஒரு மூதாட்டி, "அந்த ஊர் எங்கப்பா இருக்கு?" என்று கேட்டதற்கு எனக்குச் சரியாக விடை சொல்லத் தெரியவில்லை.

2024இல் ஆதரவு வாக்குகள் 187 ஆக இருந்தன. 2025 அக்டோபரில் அவை 165 ஆகக் குறைந்தன. எதிர்த்தவை ஏழு, வாக்களியாதவை பன்னிரண்டு. வாக்கெடுப்புக்கு முந்தைய வாரங்களில் வாஷிங்டன் பல தலைநகரங்களை நெருக்கியது. இந்தியா இம்முறையும் ஆதரித்தது. அடுத்த வாக்கெடுப்பிலும் ஆதரிக்குமா என்பதைத் தில்லியில் இருக்கும் நாம்தான் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.