கேட்கப்படாத கேள்விகள்: ஜப்பானின் 'ஓம் ஷின்ரிக்யோ' தரும் பாடம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டம் முடிந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு மாமி என்னிடம், "புதுசு புதுசா ஆன்மிக இயக்கங்கள் வந்துண்டே இருக்கே, எது நல்லது, எது கெட்டதுன்னு நாம எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டார். அன்று எனக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. செயலாளர் இன்று பேசும்படி பணித்தபோது அந்தக் கேள்வியையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன்.

நம் நாட்டு இயக்கம் எதையாவது எடுத்துக்கொண்டால் இந்த ஹாலில் பாதிப் பேர் ஒரு பக்கமும் பாதிப் பேர் மறுபக்கமும் ஆகிவிடுவோம். ஆகவே வழக்குகள் நடந்து, தீர்ப்புகள் வந்து, உண்மைகள் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டுவிட்ட ஓர் இயக்கத்தைப் பார்ப்போம். அது ஜப்பானில் தோன்றியது. ஆனால் அதன் பெயரில் நம் பிரணவம் இருந்தது. பெயர் 'ஓம் ஷின்ரிக்யோ'. 'ஓம், பரம சத்தியத்தின் போதனை' என்று பொருள் கொள்ளலாம். அவர்கள் வழிபட்ட முக்கிய தெய்வத்தின் பெயர் சிவன். ஃபியூஜி மலையடிவாரத்தில் அவர்கள் கட்டிய கட்டடங்களுக்கு 'சத்யம்' என்ற நம் சொல்லைத்தான் திரித்து வைத்து எண் கொடுத்திருந்தார்கள். ஏழாம் எண் கட்டடத்தில் தயாரானது விஷவாயு.

1995 மார்ச் 20, திங்கட்கிழமை. டோக்கியோவில் காலை எட்டு மணி. ஐந்து சுரங்க ரயில்களில் ஐந்து பேர் செய்தித்தாளில் சுற்றிய பிளாஸ்டிக் பைகளைத் தரையில் போட்டு, கூராக்கிய குடை முனையால் குத்திவிட்டு இறங்கிப் போனார்கள். பைகளில் இருந்தது சாரின். ஐந்து ரயில்களும் அரசாங்க அலுவலகங்கள் நிறைந்த கஸுமிகசெகி நிலையம் வழியாகச் செல்பவை. என்னைப் போன்ற உத்தியோகஸ்தர்கள் ஆபீசுக்குப் போகும் நேரம். பையை அப்புறப்படுத்திய இரண்டு ரயில்வே ஊழியர்கள் உட்பட 13 பேர் இறந்தார்கள். 25 வருடங்கள் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பெண்மணி 2020-ல் காலமானதையும் சேர்த்தால் 14 பேர். பாதிக்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில்.

நான் வேதியியல் பட்டதாரி. அதனால் சாரினைப் பற்றி இரண்டு வரி. 1938-ல் ஜெர்மனியில் பூச்சிக்கொல்லி ஆராய்ச்சியில் கண்டுபிடித்தது. நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை, வேலை முடிந்ததும் சிதைப்பதற்கு நம் உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. சாரின் அந்த நொதியை முடக்கிவிடும். கட்டளை ஓயாது. கண்ணின் பாவை ஊசிமுனையாகச் சுருங்கி உலகம் இருண்டுபோகும், மூச்சு நின்றுவிடும். இதைத் தயாரிக்கப் பாமரனால் முடியாது. தயாரித்தவர் ட்சுகுபா பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த மசாமி சுச்சியா.

இங்கேதான் எனக்கு முதல் அதிர்ச்சி. ரயிலில் பையைக் குத்தியவர்களில் இகுவோ ஹயாஷி ஓர் இருதய அறுவை சிகிச்சை நிபுணர். டோரு டொயோடா டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். கெனிச்சி ஹிரோசே வசேதா பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு இயற்பியல் படித்தவர். நம் வீட்டுப் பிள்ளைகளைப் போலப் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர்கள். "படித்தவன் ஏமாறமாட்டான்" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு தவறு!

குரு யார்? ஷோகோ அசஹாரா. இயற்பெயர் சிசுவோ மட்சுமோட்டோ. 1955-ல் பிறந்தவர், கண்பார்வை குறைந்தவர். அங்கீகாரமில்லாத மருந்து விற்றதற்காக 1982-ல் கைதாகி அபராதம் கட்டியவர். 1984-ல் டோக்கியோவில் சிறிய யோகா வகுப்பாக ஆரம்பித்தார். 1985-ல் அவர் பத்மாசனத்தில் அந்தரத்தில் மிதப்பதாக ஒரு படம் பத்திரிகையில் வந்தது. இமயமலையில் முக்தியடைந்ததாகச் சொல்லிக்கொண்டார். தலாய் லாமாவைச் சந்தித்தபோது எடுத்த படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தினார்.

மிதக்கும் படத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உட்கார்ந்தபடியே தொடை பலத்தால் அரை அடி துள்ளினால், எழும்பி இறங்க ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். கேமராவுக்கு அதில் சிறு பகுதியே போதும். இந்தக் கணக்கு ப்ளஸ் டூ மாணவனுக்குத் தெரியும். இயற்பியல் பட்டதாரிகளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் போடவில்லை.

ஏன் போடவில்லை என்பதற்கு ஹிரோசே சொன்ன விவரம் முக்கியமானது. அசஹாராவின் புத்தகங்களைப் படித்த சில நாட்களிலேயே குண்டலினி எழும்பியது போன்ற அனுபவம் தமக்கு ஏற்பட்டது என்றார். அந்த அனுபவம் பொய் என்று நான் சொல்லவில்லை. பிராணாயாமமோ தியானமோ முறையாகச் செய்கிறவர்களுக்கு எதெதுவோ தோன்றலாம். ஆனால் அந்த அனுபவத்துக்கு அர்த்தம் சொல்லும் அதிகாரத்தை ஒரே மனிதரிடம் ஒப்படைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் சரி என்றாகிவிட்டது. மின்முனைகள் பதித்த ஒரு தொப்பியை அணிந்தால் குருவின் மூளை அலைகள் சீடனுக்கு வரும் என்றார்கள். நம்பினார்கள். கொல்வதுகூட எதிராளியின் ஆத்மாவை மேலுலகுக்கு உயர்த்தும் புண்ணியம் என்றார்கள். அதையும் நம்பினார்கள்.

இந்த இயக்கத்தின் மேல் விமரிசனமே வரவில்லையா என்றால், வந்தது. ஆறு வருடங்களுக்கு முன்பே வந்தது. பிள்ளைகளை இழந்த பெற்றோர்கள்தான் முதலில் பேசினார்கள். வயது வராத பிள்ளைகளைக்கூட வீட்டைவிட்டுப் பிரிக்கிறார்கள், சொத்து முழுவதையும் எழுதி வாங்குகிறார்கள், குருவின் ரத்தத்தைக் குடிக்கக் கொடுத்துப் பெரும்பணம் வசூலிக்கிறார்கள் என்றார்கள். 1989 அக்டோபரில் 'சண்டே மைனிச்சி' வார இதழ் தொடராகவே எழுதியது.

பெற்றோர்களின் வழக்கறிஞர் சுட்சுமி சகமோட்டோ. 33 வயது. அவர் செய்தது மிக எளிய காரியம். குருவின் ரத்தத்தில் விசேஷ மரபணு இருப்பதாகக் கியோட்டோ பல்கலைக்கழகச் சோதனையில் தெரிந்தது என்று இயக்கம் பிரசாரம் செய்தது. அப்படி ஒரு சோதனை நடந்ததா என்று அவர் பல்கலைக்கழகத்தை விசாரித்தார். நடக்கவில்லை என்று தெரிந்தது. அவ்வளவுதான். ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அவரைப் பேட்டி கண்டது. ஒளிபரப்புவதற்கு முன் இயக்கத்தினர் வந்து கேட்க, பேட்டியை அவர்களுக்குப் போட்டுக் காட்டியது. சில நாட்களில், 1989 நவம்பர் 4 விடியற்காலையில், சகமோட்டோவும் அவர் மனைவியும் ஒரு வயதுக் குழந்தையும் வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். இயக்கத்தினர் அணியும் 'புருஷா' என்ற பதக்கம் அந்த வீட்டில் கிடந்தது. அப்படியும் 'குடும்பம் காணாமல் போனது' என்றே விஷயம் நின்றது. உடல்கள் கிடைத்தது 1995 செப்டம்பரில்.

அந்தக் கொலைக்கு இரண்டு மாதம் முன்பு, 1989 ஆகஸ்டில், டோக்கியோ மாநகர நிர்வாகம் இந்த இயக்கத்தை மத நிறுவனமாகப் பதிவு செய்து கொடுத்தது. பெற்றோர்கள் ஆட்சேபித்துப் பார்த்தார்கள். நானும் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவன். கோப்பில் காகிதங்கள் சரியாக இருக்கின்றன, மத விஷயம், நாம் ஏன் தலையிடவேண்டும் என்று கையெழுத்துப் போடும் மனநிலை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஜப்பானில் போருக்கு முன் அரசாங்கம் மதங்களை நசுக்கியதால், போருக்குப் பின் வந்த சட்டம் கூடியவரை ஒதுங்கியே நிற்கச் சொன்னது. அது நல்ல நோக்கம். ஆனால் மதச் சுதந்திரம் வேறு, மதத்தின் பெயரால் நடக்கும் குற்றத்தை விசாரிக்காமல் விடுவது வேறு. 1995 டிசம்பரில்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். 2018 ஜூலையில் அசஹாராவும் சீடர்கள் 12 பேரும் தூக்கிலிடப்பட்டார்கள். அதனால் சகமோட்டோ குழந்தை திரும்பி வரவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் அந்த இயக்கத்தில் சுமார் 10,000 பேர் இருந்தார்கள். மிகப் பெரும்பாலோருக்கு விஷவாயு விஷயம் தெரியாது. பின்னாளில் அவர்கள் குடியிருக்க வந்த ஊர்களில் பதிவு செய்ய மறுத்தார்கள், குருவின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். அதுவும் நியாயமல்ல. 1994 ஜூன் மாதம் மட்சுமோட்டோ நகரில் இதே இயக்கம் சாரின் பரப்பியபோது, அக்கம்பக்கத்தில் வசித்த யோஷியுகி கோனோ என்பவரையே போலீசும் பத்திரிகைகளும் சந்தேகித்தன. அவர் மனைவியோ அதே வாயுவால் நினைவிழந்து, 14 வருடம் கழித்துக் காலமானார். நம்புவதற்கு ஆதாரம் வேண்டியது போலவே சந்தேகிப்பதற்கும் ஆதாரம் வேண்டும்.

இதை இவ்வளவு தூரம் படித்ததற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என் அக்கா பிள்ளை, இன்ஜினியர். நல்ல வேலையை விட்டுவிட்டு ஓர் இயக்கத்தின் ஆசிரமத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். பெயர் வேண்டாம், கொலைபாதகம் எதுவும் அங்கே இல்லை. அக்கா என்னிடம் வந்து, "நீ பெரிய உத்தியோகத்துல இருந்தவன். ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாயேன்டா" என்றாள். நான், "குடி, கூத்துன்னு போகலை, பகவான் பக்கம்தானே போயிருக்கான், விடு" என்று சொல்லிவிட்டேன். கடிதம் நின்றது, போன் நின்றது. ஆறு வருடம் கழித்து அவனாகவே திரும்பி வந்தான். அக்கா அதற்கு முந்தின வருடமே போய்விட்டாள்.

ஒரு நாள் அவனிடம் மனம்விட்டுப் பேசினேன். அவன் சொன்னான்: "மாமா, சில பேர் என்னைத் திட்டினேள். சில பேர் மெச்சினேள். அங்கே என்னடா பார்த்தே, என்ன சொல்லித் தராளுன்னு ஒருத்தர்கூட என்னைக் கேக்கலை. முதல் வருஷமே எனக்குச் சந்தேகம் இருந்தது. யார்கிட்ட சொல்லறதுன்னு தெரியலை." எனக்குத் தலைநிமிர முடியவில்லை.

ஆகவே மாமியின் கேள்விக்கு இப்போது என்னால் முடிந்த பதில். எந்த இயக்கமானாலும், பழையதோ புதியதோ, ஐந்து விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, கொடுக்கும் பணத்துக்குக் கணக்குக் காட்டுகிறார்களா, சொத்தை எழுதித் தரச் சொல்கிறார்களா? இரண்டாவது, தாய் தகப்பனாரோடு பேச விடுகிறார்களா? மூன்றாவது, குருவைப் பற்றிச் சொல்லும் அற்புதங்களை வெளியாட்கள் சரிபார்க்கலாமா? பெரிய மனிதர்களோடு எடுத்துக்கொண்ட படம் சாட்சியாகாது. நான்காவது, விலக நினைப்பவரை மரியாதையோடு அனுப்புகிறார்களா? ஓம் ஷின்ரிக்யோவில் விலக நினைத்த ஒரு சீடரை 1989 பிப்ரவரியில் கொன்றார்கள். ஐந்தாவது, எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்வி கேட்பவரை என்ன செய்கிறார்கள்?

இந்த ஐந்தாவது நம் சம்பிரதாயத்துக்குப் புதிதல்ல. ஒரு உபநிஷத்துக்குப் பெயரே பிரச்னம், அதாவது கேள்வி. ஆறு பேர் பிப்பலாத மகரிஷியிடம் போகிறார்கள். அவர் ஒரு வருடம் தங்கியிருந்து பிறகு இஷ்டப்படி கேளுங்கள், எனக்குத் தெரிந்தால் சொல்கிறேன் என்கிறார். எனக்குத் தெரிந்தால்! மகரிஷியே அப்படிச் சொல்கிறார். கீதையும் குருவை அணுகும் முறையில் வணக்கத்தோடும் சேவையோடும் கேள்வியையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஏதாவது இயக்கத்துக்குப் போனால் சண்டை போட்டுக் கதவை மூடாதீர்கள். பக்திதானே என்று கைகழுவியும் விடாதீர்கள். போய்ப் பாருங்கள், கேளுங்கள். அவன் பதில் சொல்லாவிட்டாலும் அடுத்த மாதம் மறுபடி கேளுங்கள். வேறு ஊரில் இருக்கும் பிள்ளை என்றால், அந்த ஊரில் இருக்கும் நம் சங்க அங்கத்தினரை ஒரு நடை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி யாராவது உங்களைக் கேட்டால், அன்று நான் சொன்னது போல "விடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.