வண்டி நிறுத்தும் இடம் மாறினால் நம் வரவும் மாறும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணிக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இப்போது நாங்கள் பேச வந்தது, டவுனில் ரோடு வேலை நடக்கும்போது வண்டி நிறுத்தும் விதிகள் மாறுவதைப் பற்றி. "அது கார் வெச்சிருக்கிறவங்க கவலை, நமக்கு என்ன?" என்று சிலர் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஒரு தவணை தவறிய பிறகுதான் புரிந்தது.

நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். பாகூர் பக்கத்துக் குழு ஒன்றில் ஒரு அக்கா. ஆறு வருஷத்தில் ஒரு தவணைகூட விட்டதில்லை. குழுக் கடனில் பழைய மொபெட் ஒன்று வாங்கி, விடியற்காலையில் கீரைக்கட்டும் வெண்டைக்காயும் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போவார். மார்க்கெட் பக்கத்துத் தெருவில் வண்டியை நிறுத்தி, ஒரு கூடையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, அடுத்த கூடைக்குத் திரும்பி வருவார். தினமும் அதே இடம்தான்.

ஒரு நாள் அந்தத் தெருவில் குழாய் பதிக்க ஒரு பக்கம் தோண்டியிருந்தார்கள். இவர் எதிர்ப்பக்கத்தில் வழக்கம்போல வண்டியை நிறுத்தினார். முதல் கூடையை வைத்துவிட்டு வந்து பார்த்தால் வண்டியைக் காணோம். வண்டியில் இருந்த கீரைக் கூடையும் காணோம். திருட்டுப் போய்விட்டது என்று பதறி அழுதிருக்கிறார். பக்கத்து டீக்கடைக்காரர்தான், "போலீஸ் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்கம்மா" என்று சொல்லியிருக்கிறார். அலைந்து, அபராதம் கட்டி, இழுத்துப்போன கூலியும் கட்டி வண்டியை எடுக்கும்போது மதியம் ஆகிவிட்டது. கீரை வாடிப்போனது. அந்த வாரத் தவணைக்கு வைத்திருந்த பணமும் போனது.

அடுத்து நடந்ததுதான் எங்களுக்கு இன்னும் மனசை உறுத்துகிறது. குழுக் கூட்டத்தில் "ஏன் கட்டலை?" என்று கேட்டார்கள். அக்கா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "வண்டி வாங்கினதே அதிகப்படி" என்று ஒருவர் சொன்னார். நாங்களும் அங்கே இருந்தோம். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல், "தவணைதான் குழுவுக்கு மரியாதை" என்று பேசிவிட்டு வந்தோம். தீர்மான நோட்டில் அவர் பெயரையும் எழுதினார்கள். இரண்டு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்லித்தான் விவரம் தெரிந்தது. அவரிடம் நாங்கள் வருத்தம் தெரிவித்தோம். குழுவும் தெரிவித்தது.

பிறகு அவரையே கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்த்தோம். அறிவிப்புப் பலகை இருந்தது. ஆனால் தெருவின் ஒரு முனையில் மட்டும், பெரிய சாலையைப் பார்த்தபடி வைத்திருந்தார்கள். அக்கா வருவது மறுமுனையிலிருந்து. அவர் கண்ணுக்குப் பலகையின் முதுகுதான் தெரியும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். தெரிந்து என்ன பயன்?

விதி ஏன் மாறுகிறது?

சகோதரிகளே, விதியை மாற்றுவதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. காரணத்தைப் புரிந்துகொண்டால் கோபம் பாதி குறையும்.

புதுச்சேரி டவுன் தெருக்கள் நேர்க்கோடு போட்ட மாதிரி இருக்கும். அழகுதான். ஆனால் அவை முந்நூறு வருஷத்துக்கு முன்பு போட்ட அமைப்பு. மாட்டு வண்டியும் பல்லக்கும் போக அது போதும். இன்றைக்கு அதே தெருவில் கார், வேன், குட்டி யானை, ஸ்கூட்டர், சுற்றுலா வண்டி எல்லாம் போகவேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. தெருவின் அகலம் 7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் கார் நிறுத்தினால் 2 மீட்டர் போகும். மீதி 5 மீட்டரில் வண்டிகள் போய்வரலாம். வேலைக்காகப் பாதித் தெருவை மறித்தால் மீதி இருப்பது மூன்றரை மீட்டர்தான். அதிலும் ஒரு கார் நின்றால் ஒன்றரை மீட்டர்தான் மிச்சம். 108 ஆம்புலன்ஸ் நுழைய முடியுமா? தீயணைப்பு வண்டி வருமா? ஆகவே ஒரு பக்கம் தோண்டினால் மறுபக்கமும் நிறுத்தக்கூடாது என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

நாம் விதிக்குப் பழகாதவர்களும் இல்லை. சாயங்காலம் ஆனால் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள் என்று நமக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாள், நேரம், இடம் மூன்றும் நிலையாக இருப்பதால் அதற்கேற்ப நடந்துகொள்கிறோம். ரோடு வேலையில் இந்த மூன்றுமே மாறிக்கொண்டே இருக்கும். இன்று இந்தத் தெரு, அடுத்த வாரம் வேறு தெரு. மாற்றம் வருவது தப்பில்லை. அது நம் காதுக்கு வராமல் இருப்பதுதான் பிரச்சினை.

2024 ஜூன் மாதம் பஸ் ஸ்டாண்டைப் புதுப்பிக்கும் வேலைக்காகக் கடலூர் சாலை ஏ.எஃப்.டி. மைதானத்துக்குப் பஸ்களை மாற்றியது நினைவிருக்கும். பழைய இடத்துக்குத் திரும்ப 2025 மே ஆகிவிட்டது. அந்த மாதங்களில் மறைமலை அடிகள் சாலையில் இறங்கிப் பழகியவர்கள் கூடையோடு எவ்வளவு அலைந்தோம்! 2025 அக்டோபரில் இந்திரா காந்தி சிலைக்கும் ராஜீவ் காந்தி சிலைக்கும் இடையே மேம்பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். நீளம் சுமார் 4 கிலோமீட்டர். மதிப்பு 436 கோடி ரூபாய். இவ்வளவு பெரிய வேலை ஒரு மாதம் இரண்டு மாதத்தில் முடிகிற காரியம் இல்லை. வில்லியனூர், மண்ணாடிப்பட்டு பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இந்திரா காந்தி சிலைதான் டவுனுக்கு வாசல். அதனால் இப்போதே நாம் தயாராக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. வண்டி எங்கே நிற்கலாம் என்பதை அரசோ, அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரியோ, உள்ளாட்சியைக் கலந்து பேசி முடிவு செய்யலாம் என்று 117-வது பிரிவு சொல்கிறது. பொது நன்மைக்காகவோ, ரோட்டின் நிலைமையைப் பார்த்தோ வண்டிப் போக்குவரத்தைத் தடுக்க 115-வது பிரிவு இடம் தருகிறது. அதிலே ஒரு வரி முக்கியம். அப்படிப்பட்ட தடை ஒரு மாதத்துக்கு மேல் போகாது என்றால் அரசிதழில் போட வேண்டியதில்லை. ஆனால் அந்த இடத்து மக்களுக்குத் தெரியும்படி முடிந்த அளவு விளம்பரம் செய்ய வேண்டும். ஆகவே, "எங்களுக்கும் முன்கூட்டியே தெரியப்படுத்துங்க" என்று நாம் கேட்பது சலுகை இல்லை. சட்டத்திலே இருக்கிற விஷயம்.

நம் பக்கக் கடமையும் உண்டு. தடை உள்ள இடத்தில் நின்ற வண்டியை இழுத்துப்போகச் சீருடை அணிந்த காவலருக்கு 127-வது பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. கூலியும் நம் தலையில்தான். 2019-ல் திருத்திய சட்டப்படி பொதுவான விதிமீறலுக்கு முதல் தடவை 500 ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் 1500 ரூபாய் வரை அபராதம். பணம் கட்டினால் ரசீது கேட்டு வாங்குங்க. ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்காதீங்க.

தெருவோரம் கடை போடும் சகோதரிகளுக்குத் தனியாகவே ஒரு சட்டம் இருக்கிறது. தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம், 2014. விற்பனைச் சான்றிதழ் வைத்திருப்பவரை அந்த இடத்திலிருந்து மாற்ற 30 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். சரக்கைப் பறிமுதல் செய்தால் கையெழுத்துப் போட்ட பட்டியல் தர வேண்டும். காய், பூ, மீன் மாதிரி அழுகும் பொருளை, நாம் போய்க் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சான்றிதழ் இல்லாதவர்கள் நகராட்சியில் விசாரித்து விண்ணப்பம் கொடுங்க. சான்றிதழ் இல்லாமல் "எங்க பாட்டி காலத்திலேருந்து இங்கதான் விக்கிறோம்" என்று வாயால் மட்டும் சொன்னால் எடுபடாது.

நாம் என்ன செய்யலாம்?

1. ஒவ்வொரு குழுவிலும் டவுனுக்குத் தினமும் போகும் ஒருவர் 'ரோடு செய்தி' பொறுப்பு எடுக்கட்டும். எந்தத் தெருவில் வேலை, எந்தப் பக்கம் நிறுத்தக்கூடாது என்று பார்த்தால் உடனே மற்றவர்களுக்கு போன் செய்யட்டும். ஒரு போன் செலவு பெரிசா, ஒரு நாள் வியாபாரம் பெரிசா?

2. தோண்டிய தெருவில் வண்டி விடுவதற்கு முன் இரண்டு முனையும் பாருங்க. பலகை இல்லையென்றால் அங்கே நிற்கும் காவலரையோ, வேலை செய்கிறவர்களையோ கேளுங்க. வாக்குவாதம் வேண்டாம். வெயிலில் நிற்கும் காவலரும் மேலிடத்து உத்தரவைத்தான் செய்கிறார்.

3. தனித்தனியாக மொபெட்டில் போவதைவிட நாலைந்து பேர் சேர்ந்து ஒரு லோடு ஆட்டோ பேசலாம். சரக்கை இறக்கிவிட்டு அது உடனே கிளம்பிவிடும். நிறுத்த இடம் தேட வேண்டியதில்லை.

4. கூட்டமைப்பு சார்பில் நகராட்சிக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் ஒரே மனு கொடுப்போம். மூன்று கோரிக்கை போதும். ஒன்று, பலகை தெருவின் இரண்டு முனையிலும், தமிழில் பெரிய எழுத்தில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற விவரத்தோடு இருக்க வேண்டும். இரண்டு, மார்க்கெட் பக்கத்தில் விடியற்காலையில் சரக்கு இறக்க மட்டும் ஓர் இடமும் நேரமும் ஒதுக்க வேண்டும். மூன்று, மாற்றம் வரும் முன் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் அறிவிப்பு ஒட்ட வேண்டும். கிராமத்துப் பெண்கள் கூடைகளோடு கிளம்புவது கிராமத்திலிருந்துதானே!

5. மனுவுக்குப் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம். 30 நாளில் பதில் தர வேண்டும். எழுத நாங்கள் உதவுகிறோம்.

6. கடைசியாக ஒன்று. தவணை தவறியவரை முதலில் "என்னம்மா நடந்துச்சு?" என்று கேளுங்க. அப்புறம் நோட்டில் எழுதலாம். இப்படி எதிர்பாராமல் வரும் செலவுக்குக் குழுவின் உள்கடனில் ஒரு சின்னத் தொகையைத் தனியாக ஒதுக்கி வைப்பது பற்றியும் பேசி முடிவெடுங்க.

சகோதரிகளே, ரோடு நன்றாக வந்தால் நமக்கும் நல்லதுதான். பாலம் கட்டட்டும், குழாய் பதிக்கட்டும். ஆனால் அந்த வேலை முடியும் வரைக்கும் நம் அடுப்பு எரிய வேண்டும், நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

அந்த அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். விட்ட தவணையை மூன்று வாரத்தில் கட்டி முடித்துவிட்டார். மனுவில் முதல் கையெழுத்து தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார். மனு மேசைமேல் தயாராக இருக்கிறது. கூட்டம் முடிந்து போகும்போது ஒவ்வொரு குழுவும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்க. ஊர் கூடித் தேர் இழுப்போம்.