ராத்திரியில் வரும் எறும்புகள்

இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பெரியவர், நடுராத்திரியில் "சுவர் முழுக்க எறும்பு ஏறுது பாரு" என்கிறார். எப்போதோ காலமான தம்பி வாசலில் நிற்கிறானாம். வீட்டில் ஒருவர் மந்திரிக்கக் கிளம்புகிறார். இன்னொருவர், மூளை கலங்கிவிட்டதே என்று அழுகிறார்.

இரண்டுமே அவசர முடிவு. இந்தத் திடீர்க் குழப்பத்தை டாக்டர்கள் டெலிரியம் என்பார்கள். வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரிவாசத்தை ஒட்டி அடிக்கடி வருவதுதான். சிறுநீர்த் தொற்று, நீர் வற்றுவது, சோடியம் குறைவது, மலச்சிக்கல், தூக்கக்கேடு, சில மாத்திரைகள் – சளிக்கும் அரிப்புக்கும் நாமே கடையில் வாங்குவது உட்பட – காரணமாகலாம். அதனால் தாமதிக்காமல் மருந்துச் சீட்டோடு டாக்டரைப் பாருங்கள்.

எறும்பே இல்லை என்று சண்டை வேண்டாம். ஆமாம், இருக்கிறது என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "எனக்குத் தெரியலைப்பா. பயமா இருக்கா? நான் பக்கத்துலதான் இருக்கேன்." இது போதும்.

அமெரிக்க மருத்துவர் ஷாரன் இனோயே குழுவினர் 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த, 70 வயதும் அதற்கு மேலும் ஆன நோயாளிகளுக்குக் கண்ணாடி, காதுக்கருவி, போதுமான தண்ணீர், கொஞ்சம் நடை, சத்தமில்லாத இரவு, பெரும்பாலும் இவ்வளவுதான். வழக்கமான கவனிப்பில் 100-க்கு 15 பேருக்கு வந்த குழப்பம், இவர்களில் சுமார் 10 பேருக்குத்தான் வந்தது. வீட்டிலும் இதையே செய்யலாம்.

சிலருக்குச் சில நாளில் தெளியும், சிலருக்கு வாரக்கணக்கில் இழுக்கும். அதுவரை ராத்திரி விழிக்க முறை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது மருமகள் தலையில்தான் விழுகிறது.