தமனிச் சுவரும் நோன்பு நாள் மாத்திரையும்



தசலட்சண நாள்கள் நெருங்குகையில் சமண இல்லங்கள் சிலவற்றில் ஒரு வழக்கம் காணப்படுகிறது. ஆண்டு முழுவதும் இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொள்ளும் முதியோர், "உடம்புக்கு ஒன்றுமில்லை, நோன்பு முடியட்டும்" என்று தாமே அதனை நிறுத்திவிடுகின்றனர். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. எனவே நோயும் இல்லை என்பது அவர்தம் எண்ணம். உயர் அழுத்தமோ வலியின்றித் தமனியின் சுவரில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அச்சுவரின் அமைப்பு விளங்கினால் மாத்திரை எதற்கு என்பதும் விளங்கும்.

தமனி வெறுங்குழாய் அன்று. மூன்று அடுக்குகள் கொண்ட உயிருள்ள சுவர். உள்ளடுக்கின் மேற்பரப்பு, இரத்தத்தைத் தொட்டு நிற்கும் ஒற்றை உயிரணுப் படலம். அது நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருளைச் சுரந்து, அருகிலுள்ள தசையை இளகச் செய்கிறது. நடுவடுக்கில் மென்தசையும், எலாஸ்டின் என்னும் மீள்தன்மை உடைய புரதத் தகடுகளும் உள்ளன. வெளியடுக்கில் கொலாஜன் என்னும் வலிய நார்கள் சுவரைக் கட்டிக் காக்கின்றன.

இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் பெருந்தமனி விரிந்து, பின் தானே சுருங்கி, இதயம் ஓயும் நொடியிலும் குருதியை முன்னோக்கிச் செலுத்துகிறது. இத்தொண்டினைச் செய்வது எலாஸ்டின். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உருவாகும் இப்புரதம், வளர்ந்த பின்னர் மிக அரிதாகவே புதிதாய் உண்டாகிறது. பிறந்தகத்துச் சீதனம் போன்றது அது. செலவழிந்தால் மீண்டும் கிடைப்பது அரிது.

அழுத்தம் மிகும்போது சுவர் வாளாவிருப்பதில்லை. நீர் மிகுந்த ஏரிக்குக் கரையைத் தடிப்பாக்குவது போல, அதுவும் தன்னைத் தடிப்பாக்கிக்கொள்கிறது. சிறு தமனிகளில் இத்தடிப்பு உட்புறமாக நெருங்குவதால் குருதி செல்லும் வழி குறுகுகிறது. வழி குறுகவே அழுத்தம் மேலும் ஏறுகிறது. காக்க எழுந்த கரையே வெள்ளத்தைப் பெருக்கும் விந்தை இது! பெருந்தமனிகளிலோ எலாஸ்டின் தகடுகள் நைந்து கிழிய, அவ்விடத்தைக் கொலாஜன் நிரப்புகிறது. சுவர் விறைக்கிறது. முதியோர் பலர்க்கு மேல் அளவு 160 ஆகவும் கீழ் அளவு 70 ஆகவும் இருப்பது இவ்விறைப்பின் அடையாளம். "கீழ் அளவு நன்றாகத்தானே உள்ளது" என்று அமைதி கொள்வது தவறு.

அழுத்தம் மட்டுமே இதனைச் செய்வதன்று. ஹார்மோன்கள் எனப்படும் இயக்குநீர்களும் சுவரை நேரே மாற்றுகின்றன. 1898ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் தைகர்ஸ்டெட், பெரிமான் என்னும் இருவர் முயலின் சிறுநீரகத்திலிருந்து ரெனின் என்னும் பொருளைக் கண்டறிந்தனர். (இவ்வறிவு வந்த வழியில் வாயில்லா உயிர்களின் துன்பம் கிடப்பதைச் சமணர் மறைத்துப் பேசுதல் முறையன்று.) இந்த ரெனின் தொடங்கிவைக்கும் தொடர்வினையின் முடிவில் ஆஞ்சியோடென்சின் உருவாகிறது. அது தமனியைச் சுருக்குகிறது, தசையணுக்களைப் பருக்கச் செய்கிறது, கொலாஜனைப் பெருக்குகிறது, அட்ரினல் சுரப்பியைத் தூண்டி அல்டோஸ்டீரோனையும் சுரக்கச் செய்கிறது. அல்டோஸ்டீரோன் உப்பையும் நீரையும் உடலில் தேக்குகிறது. பெண்டிர்க்கு ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் உட்படலத்தின் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பிற்குத் துணை நிற்பது. மாதவிலக்கு நின்ற பின் அத்துணை குறைவதால், அதுவரை இயல்பாக இருந்த அழுத்தம் ஏறத் தொடங்குவதுண்டு.

ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்துகளை ஓராண்டளவு உட்கொண்டோரின் சிறு தமனிகளில் சுவரின் தடிப்பு குறைந்திருக்கிறது. வேறு மருந்தால் அதே அளவு அழுத்தம் தணிந்தோரிடம் அம்மாற்றம் காணப்படவில்லை. அம்மாத்திரை எண்ணைக் குறைப்பதோடு நில்லாமல் சுவரையும் செப்பனிடுகிறது என்பது இதனால் பெறப்படும்.

இனி நோன்புக்கு வருவோம். நீரும் அருந்தாத நாளில் சிறுநீரகம் ரெனினை மிகுதியாக விடுத்து, அழுத்தம் வீழாமல் தாங்குகிறது. அத்தாங்குதலையே தடுப்பன சில மாத்திரைகள். நீரை வெளியேற்றுவன வேறு சில. இவற்றை வழக்கம்போல் உட்கொண்டால் அழுத்தம் மிக வீழ்ந்து சிறுநீரகம் கேடுறலாம். மாறாக, அட்டெனலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் சீறி எழலாம். ஆகவே நிறுத்துவதா, குறைப்பதா என்பதை நோன்பிற்குச் சில வாரங்கள் முன்னரே மருத்துவரிடம், நீர் அருந்தும் வழக்கம் உண்டா இல்லையா என்பதையும் சொல்லிக் கேட்டல் வேண்டும்.

இரவுணவு நீக்கிய இல்லறத்தார்க்கு இரவு மாத்திரை ஓர் இடர். நாளுக்கு ஒரு வேளை மாத்திரையைக் காலையில் கொண்டாலும் மாலையில் கொண்டாலும் பயன் ஒத்ததே என்று, 21,000க்கும் மேற்பட்டோரிடம் பிரிட்டனில் நடத்தப்பெற்று 2022இல் வெளியான ஆய்வு காட்டிற்று. காலைக்கு மாற்ற இயலுமா என மருத்துவரைத் தயங்காது கேட்கலாம். கேப்ஸ்யூல் உறையின் ஜெலட்டின் விலங்கின் தோலிலும் எலும்பிலும் பெறப்படுவதால் மருந்தையே விலக்குவோரும் உளர். ராமிப்ரில் போன்றவை உறையற்ற மாத்திரையாகவும் கிடைக்கின்றன. மருந்துச் சீட்டு எழுதும்போதே அவ்வாறு எழுதித் தருமாறு கேட்டால் போதும்.