பரம்பரையும் ஒரு வைரஸும்

"தாய்க்கு வந்த புற்றுநோய் மகளுக்கும் வருமா?" என்று கல்லூரி மாணவியர் பலர் என்னிடம் வினவியதுண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோயைக் குறித்து அவ்வினா எழுமாயின், ஒரு சொல்லில் விடை கூறுதல் இயலாது. அந்நோய்க்கு மூலகாரணம் பரம்பரை அன்று. பாப்பிலோமா என்னும் வைரஸே ஆகும். ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்டு சூர் ஹவுசனும் அவர் குழுவினரும் 1983ஆம் ஆண்டில் அவ்வைரஸின் 16ஆம் வகையையும், அடுத்த ஆண்டில் 18ஆம் வகையையும் நோய்க்கட்டிகளில் கண்டு காட்டினர். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சி நின்றது. உடலுறவினால் பரவும் இவ்வைரஸ், பெண்களில் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒரு முறையேனும் பற்றுகிறது. அவர்களுள் 10 பேரில் ஏறத்தாழ 9 பேரிடம் இரண்டாண்டுகளுக்குள் தானே மறைந்தும் விடுகிறது. மிகச் சிலரிடம் மட்டும் நிலைத்து, பல்லாண்டுகள் கழித்துப் புற்றாகிறது. இவ்வேற்றுமை ஏன்?

நம் உயிரணுக்கள் தமக்குள் உள்ள புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டி, வெளியே ஏந்திக் காட்டிய வண்ணம் இருக்கின்றன. ஏந்தும் கைகளுக்கு எச்.எல்.ஏ. மூலக்கூறுகள் என்று பெயர். காவல் புரியும் வெள்ளையணுக்கள் அக்கைகளில் அந்நியத் துண்டைக் கண்டால்தான் பகைவன் புகுந்ததை அறியும். எல்லோருடைய கையும் ஒரே வடிவினது அன்று. ஒருவர் கையில் வாகாகப் பொருந்தும் வைரஸ் துண்டு, மற்றொருவர் கையில் நில்லாது நழுவிவிடும். இக்கைகளை ஆக்கும் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் உள்ளன. தாயிடமிருந்து ஒரு தொகுதியும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியும் பெறுகிறோம். இவற்றில் ஆயிரக்கணக்கான வகைகள் அறியப்பட்டுள்ளன. (அது நல்லதே, எல்லோர்க்கும் ஒரே கை வாய்த்திருப்பின், ஒரு கொள்ளைநோய் ஊரையே துடைத்துவிடக்கூடும்.)

1991ஆம் ஆண்டில் வாங்க், டாம்சன் என்னும் இருவர், டி.க்யூ. 3 என்ற வகையுடைய பெண்களிடம் இப்புற்று மிகுதியாகக் காணப்படுவதாக எழுதினர். பிற்கால ஆய்வுகளில் அவ்வேறுபாடு அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. மாறாக, டி.ஆர்.பி. 1 வரிசையில் 13ஆம் வகையுடையோர்க்கு ஓரளவு பாதுகாப்பு உண்டென்பது பல ஆய்வுகளில் புலனாயிற்று. 2013இல் வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வும் அதே குரோமோசோம் பகுதியையே சுட்டியது.

ஆதலின் மகளின் வினாவுக்கு என் விடை இது: தாயிடமிருந்து வருவது நோயன்று, கையின் வடிவம், அதுவும் பாதியே. ஒரு தனி வகையினால் கூடும் அபாயம் பெரும்பாலும் இரண்டு மடங்கையும் எட்டுவதில்லை. இதனைத் தலையெழுத்து என்பாரோடு நான் உடன்படேன்.

2006 முதல் வழங்கப்படும் தடுப்பூசி, வைரஸ் உயிரணுவுக்குள் நுழையுமுன்னரே அதனை மறித்துவிடுகிறது. எவ்வகைக் கை வாய்த்தவராயினும், ஏறக்குறைய எல்லோர் உடலிலும் அதற்குரிய எதிர்ப்பொருள் தோன்றுகிறது. முன்பே வைரஸ் புகுந்த உடலில் அதனை அவ்வூசி அகற்றாது. ஆதலின் 35 வயதுக்குள் ஒரு முறையும் 45 வயதுக்குள் மீண்டும் ஒரு முறையும் பெண்கள் சோதனை செய்துகொள்ளுமாறு உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. புற்றாக மாறுமுன் கண்ட புண்ணைச் சிறு சிகிச்சையினாலேயே நீக்கிவிட முடிகிறது.