திருத்தத்தை யாரிடம் காட்டுவது?

தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவர்கள் ஒரு வழக்கத்தை நன்கு அறிவார்கள். கொழுந்தின் நிறையில் குறை கண்டால் கணக்கப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும்; தொழிற்சாலையில் அரைக்கும் பொறி பழுதுபட்டால் டீமேக்கரிடம் சொல்ல வேண்டும். எடுத்ததற்கெல்லாம் துரையின் பங்களாவுக்கு ஏறுகிறவனுடைய காரியம் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடும்.

ஹட்டனில் ஓர் இளைஞன் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கியிருப்பதாக எண்ணிக்கொள்வோம். அதிலே லினக்ஸ் இயங்குகிறது; ஆனால் விரல் வைக்கும் தொடுதளம் இயங்கவில்லை. லினக்ஸின் மூலநிரல் யாவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்டது. இரவெல்லாம் விழித்திருந்து பிழையைக் கண்டு, இரண்டே வரிகளில் திருத்தியும் விடுகிறான். அதை யாருக்கு அனுப்புவது?

அவனுக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான்: 1991 இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். அவருக்கு நாள்தோறும் வந்து குவியும் மடல்களுக்கிடையில் இந்த இரண்டு வரிகள் மூழ்கிப்போகும். மறுமொழி வாராதபோது, “தோட்டத்துப் பிள்ளை எழுதியதை யார் மதிப்பார்கள்?” என்று அவன் மனம் கசந்து விலகக்கூடும். பிழை அவனுடைய பிறப்பிலும் இல்லை, திருத்தத்திலும் இல்லை, முகவரியில் இருக்கிறது. இந்தக் கசப்புத்தான் என்னை இன்று பேசவைக்கிறது.

லினக்ஸ் மூலநிரலுடன் ‘மெயின்டெய்னர்ஸ்’ என்றொரு பதிவேடும் வருகிறது. 20,000 வரிகளுக்கு மேற்பட்ட அப்பதிவேட்டில், எந்தக் கோப்புகளுக்கு எவர் பொறுப்பாளர், எவர் மதிப்பாய்வாளர், எந்த மடற்குழுவுக்குப் படி அனுப்ப வேண்டும் என்பனவெல்லாம் குறிக்கப்பட்டுள்ளன. கவனிப்பாரற்ற பகுதிக்கு ‘அநாதை’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள்! ‘கெட் மெயின்டெய்னர்’ என்னும் சிறு நிரலிடம் திருத்தத்தைக் கொடுத்தால், உரியவர்களின் பெயர்களை அதுவே எடுத்துத் தரும்.

ஆயினும் கருவி சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றல் ஆகாது. பதிவேட்டில் பெயர் கிடைக்காத இடத்தில் அது பழைய மாற்றங்களின் வரலாற்றைப் புரட்டும். நூறு கோப்புகளில் ஒரே சொல்லை மாற்றிச் சென்றவர் பெயரும் அப்போது வந்து நிற்கும். அவருக்குத் தொடுதளம் பற்றி ஒன்றும் தெரிந்திராது. ஆகவே வரலாற்றை நாமே வாசித்து, அந்தப் பகுதியை உண்மையில் ஆக்கியவர் யார், அண்மையில் அதற்கு ஒப்புதல் அளித்தவர் யார் என்று பார்த்தல் நன்று.

இத்தொழில் நம் நாட்டுக்குப் புதியதன்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடற்கோளுக்குப் பின், ‘சகானா’ என்னும் திறந்த மூல மென்பொருளை இலங்கைத் தொண்டர்களே ஆக்கினார்கள். பின்னர் அது பிற நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது.

நம் இளைஞன் இப்போது பொறுப்பாளருக்கு எழுதி, மடற்குழுவுக்கும் படி அனுப்பிவிட்டான். ஒரு வாரமாவது பொறுத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று வாரங்கள் செல்வதும் உண்டு. அதன் பின்னும் மறுமொழி இல்லையேல், பணிவுடன் ஒருமுறை நினைவூட்டலாம். அதை எவரும் குற்றமாகக் கொள்ளார்.